வெளியே போட்ட சாப்பாட்டு மேசை: எந்தத் தொல்லைக்கு எதை முதலில் பார்ப்பது

தோட்டமோ மொட்டைமாடியோ பால்கனியோ, தினமும் அங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற ஆசையில் மேசையைப் போட்டு விரிப்பு, செடி, விளக்கு எல்லாம் வைத்த சில வாரங்களிலேயே அது ஏதாவது ஒரு விதத்தில் மக்கர் செய்ய ஆரம்பிக்கும். தெரிந்தவர்கள் வீடுகளில் இதே தொல்லைகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் எனக்கு ஒரு வரிசை பழகிவிட்டது. முதலில் மேசை மேலிருந்து எதையாவது எடுத்துப் பார்ப்பது, சரியாகவில்லை என்றால் இடம் மாற்றிப் பார்ப்பது, அப்புறம்தான் காசு செலவழித்து எதையாவது வாங்குவது, அதற்கும் அடங்காவிட்டால் வேலை தெரிந்த ஆளைக் கூப்பிடுவது. கீழே ஒவ்வொரு தொல்லையும் இந்த வரிசையில்தான் வருகிறது. மேலிருந்து முழுதும் படிக்கத் தேவையில்லை, உங்களுடையது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

ஒன்று மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் தினசரி மேசைக்கு. விருந்து நாளில் ஒரு மணி நேரம் செலவழித்து அடுக்கலாம், யாரும் குறை சொல்லப் போவதில்லை. தினமும் சாப்பிடும் மேசைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் கேட்கும் எந்த அலங்காரமும் ஒரு மாதம் தாங்காது.

## அழகாக இருக்கிறது, ஆனால் யாரும் அங்கே போய் உட்காருவதில்லை

அதிகம் கேட்கும் புகார் இதுதான், காரணம் கண்டுபிடிக்கச் சிரமமானதும் இதுதான், ஏனென்றால் மேசையில் உடைந்தது, கிழிந்தது என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது. சோதனை எளிது. ஒரு வேளைச் சாப்பாட்டை நீங்களே எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்காருங்கள். கதவைத் தாண்டியதிலிருந்து முதல் வாய் எடுக்கும் வரை கை என்னென்ன வேலை செய்தது என்று கவனித்தால் போதும், கீழே உள்ளவற்றில் எந்தக் கிளை என்று தெரிந்துவிடும்.

### தட்டு வைப்பதற்கு முன் எதையாவது நகர்த்த வேண்டியிருந்தது என்றால்

மேசையில் பொருள் அதிகம். இங்கே அளவு நாடாவை எடுத்துவிடுங்கள். ஒருவர் நிம்மதியாகச் சாப்பிட 60 செ.மீ. அகலமும் 35 முதல் 40 செ.மீ. வரை ஆழமும் வேண்டும். மேசை 80 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம், எதிரெதிரே இருவர் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் 35 போக நடுவில் மிஞ்சுவது வெறும் 10 செ.மீ. 90 செ.மீ. மேசையில் 20. அந்தக் கீற்றில்தான் பரிமாறும் பாத்திரமும் தண்ணீரும் உட்கார வேண்டும், அதில் மூன்று பூந்தொட்டியும் இரண்டு மெழுகுவத்தித் தாங்கியும் வைத்திருந்தால் யார் வருவார்கள்?

செலவில்லாத தீர்வு, மேசை மேல் இருக்கும் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, ஒரே ஒரு தட்டத்தில் அடங்குவதை மட்டும் திரும்ப வைப்பது. ஓரம் உயர்ந்த டிரே ஒன்று, அதற்குள் ஒரு சிறு தொட்டி, ஒரு விளக்கு, உப்பு மிளகு. சாப்பிடும்போது டிரேயை ஒரே தூக்கில் எடுத்துப் பக்கத்து முக்காலியில் வைக்கலாம், மழை தூறினாலும் ஒரே தூக்கில் உள்ளே போய்விடும். இரண்டு கையால் ஒரே தடவையில் எடுக்க முடியாத அலங்காரம் தினசரி மேசைக்கு அதிகம் என்பது என் கணக்கு. நீள மேசையாக இருந்து ஒரு பக்கம் யாரும் உட்காருவதில்லை என்றால் அலங்காரம் முழுவதையும் அந்த முனைக்குத் தள்ளிவிடுங்கள். நடுவில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

### உள்ளேயும் வெளியேயும் மூன்று நான்கு நடை நடந்தீர்கள் என்றால்

தொல்லை மேசையில் இல்லை, வழியில் இருக்கிறது. கரண்டி, கைதுடைக்கும் துணி, டம்ளருக்கு அடியில் வைக்கும் வட்டு, சூடான பாத்திரத்துக்கான பிரிமணை, துடைக்கும் துணி, இவை ஐந்தையும் கைப்பிடி உள்ள ஒரு கூடையில் போட்டுக் கதவருகே வையுங்கள். போகும்போது கூடை ஒரு கையில், சாப்பாடு இன்னொரு கையில். கூடையை வெளியிலேயே விட்டுவிடலாமே என்று தோன்றும். துணி இரவுப் பனியில் நமுத்துப்போய் மறுநாள் யாரும் தொட மாட்டார்கள், அதனால் விடாதீர்கள். வெளியிலேதான் வேண்டும் என்றால் இறுக்கமாக மூடும் பெட்டி வாங்குங்கள்.

### நாற்காலியை இழுக்க முடியவில்லை, முட்டி இடிக்கிறது என்றால்

மேசை விளிம்பிலிருந்து பின்னால் உள்ள சுவர் அல்லது கைப்பிடிச் சுவர் வரை அளந்து பாருங்கள். 75 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் நாற்காலியை இழுத்து எழுந்திருப்பதே போராட்டம், 90 இருந்தால் நிம்மதி. இடம் இல்லாத பக்கத்தில் நாற்காலிகளை எடுத்துவிட்டு ஒரு பெஞ்சைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, மேசையை அதன் பக்கம் நகர்த்துங்கள்.

முட்டி இடிப்பதற்குப் பெரும்பாலும் குஷன்தான் காரணம். சாப்பாட்டு மேசை பொதுவாக 72 முதல் 76 செ.மீ. உயரம், நாற்காலி இருக்கை 43 முதல் 46. இருக்கைக்கும் மேசையின் அடிச்சட்டத்துக்கும் நடுவே 25 செ.மீ. ஆவது வேண்டும். அதில் எட்டு செ.மீ. தடிமனான மெத்தையைப் போட்டால் தொடைக்கு இடம் இல்லை. மெத்தையை எடுத்துவிட்டு ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள், இடிக்கவில்லை என்றால் மெல்லிய மெத்தை போதும், மேசையை மாற்ற வேண்டாம்.

### வெயில் முகத்தில் அடிக்கிறது என்றால்

நீங்கள் சாப்பிடும் நேரத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று தரையில் சாக்பீசால் கோடு போட்டு, நாலைந்து நாள் பாருங்கள். மேசையை ஒரு மீட்டர் நகர்த்தினாலே பல இடங்களில் முடிந்துவிடும். நிழலிலும் கண் கூசினால் அது பளபளப்பான வெள்ளை அல்லது கண்ணாடி மேற்பரப்பின் வேலை, அதன் மேல் பளபளப்பில்லாத அடர்நிற ரன்னர் (மேசை நீளத்துக்குப் போடும் ஒடுக்கமான விரிப்பு) ஒன்றைப் போடுங்கள்.

நகர்த்தவே இடமில்லை, எந்நேரமும் வெயில் என்றால் நிழற்குடை. குடையும் பற்றவில்லை, சுவரில் பந்தல் மாட்ட வேண்டும் என்ற நிலை வந்தால் அங்கே நிறுத்திக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள். காற்றில் அது இழுக்கும் இழுப்பைச் சுவர் தாங்குமா என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் வேண்டும்.

## காற்று அடித்தால் எல்லாம் பறக்கிறது

முதலில் விரிப்பு எவ்வளவு தொங்குகிறது என்று பாருங்கள். தினசரிக்கு 15 முதல் 20 செ.மீ. தொங்கினால் போதும். அதற்கு மேல் போனால் காற்று அடியில் புகுந்து தூக்கும், உட்காருபவர் மடியிலும் சிக்கும், எழும்போது தட்டோடு இழுத்துக்கொண்டும் வரும். நீளமாக இருந்தால் மடித்துத் தையுங்கள்.

அடுத்து, விரிப்பு தேவையா என்றே யோசியுங்கள். மேசையின் மேற்பரப்பு பார்க்கும்படி இருந்தால் விரிப்பை எடுத்துவிட்டு ஆளுக்கு ஒரு தட்டு விரிப்பு போட்டால் போதும், தட்டின் கனமே அதைப் பிடித்துக்கொள்ளும். துடைத்தால் போகும் கனமான நெசவு வினைல் வகை நல்லது, துணி வகை இரண்டு நாளில் கறையோடு நிற்கும். நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் காற்றுத் தொல்லை இந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

விரிப்பு வேண்டும்தான் என்றால் கிளிப். வாங்குவதற்கு முன் மேசை ஓரத்தின் தடிமனை அளந்துகொள்ளுங்கள், சாதாரண வில் கிளிப்புகள் மெல்லிய பலகைக்கானவை, தடித்த மரப் பலகையில் ஏறாது அல்லது ஏறிச் சிறிது நேரத்தில் தெறித்துவிடும். தடித்த பலகைக்கு விரிப்பின் நாலு மூலையிலும் மடிப்புக்குள் எடை வைத்துத் தைப்பதே சரி. எடைக்கு இரும்பு வாஷரைப் போடாதீர்கள், முதல் மழையிலேயே துருக்கறை துணியில் ஊறும், பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுங்கள்.

### விரிப்பு நிற்கிறது, மற்றவை விழுகின்றன என்றால்

காகித நாப்கினைத் தட்டுக்கு அடியில் பாதி செருகுங்கள், இல்லை என்றால் துணிக்கு மாறுங்கள். காம்பு வைத்த உயரமான கோப்பைகளை உள்ளேயே விட்டுவிட்டு அடி அகன்ற குட்டை டம்ளரைக் கொண்டுவாருங்கள். பூச்சாடி சாய்ந்தால் அடியில் கூழாங்கல்லோ மணலோ போட்டால் நிற்கும், அதிலும் சாய்ந்தால் அது ஒல்லியான சாடி, வெளியே வைக்க லாயக்கில்லை.

### எந்நேரமும் ஒரே பக்கத்திலிருந்து அடிக்கிறது என்றால்

அந்தப் பக்கம் ஒரு தடுப்பு வேண்டும். முழுதாக மூடிய பலகையை வைத்தால் காற்று அதன் மேலேறி மறுபக்கம் சுழன்று விழும், மேசை நிலைமை இன்னும் மோசமாகும். பாதி அளவுக்குத் திறப்பு உள்ள தட்டி, கம்பி வலையில் படரவிட்ட கொடி, நெருக்கமான தொட்டிச் செடி வரிசை, இவைதான் காற்றை மட்டுப்படுத்தும். மாடியிலோ பால்கனியிலோ தட்டி வைப்பதானால் அதைக் கம்பியில் கயிறு போட்டுக் கட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள். பிய்த்துக்கொண்டு கீழே போகிறவர் தலையில் விழுந்தால் என்ன ஆகும். ஆணியடித்து நிலையாகப் பொருத்தத் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

## நிழற்குடை சாய்கிறது, தானே சுற்றுகிறது

சுற்றுகிறது என்றால் அடித்தாங்கியில் உள்ள திருகைப் பாருங்கள், தளர்ந்திருக்கும். திருகு இறுக்கமாக இருந்தும் ஆடினால் கம்பத்தின் பருமனுக்கும் ஓட்டைக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, அதற்கென்றே வரும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வளையத்தைச் செருகினால் நின்றுவிடும். மேசை நடுவே துளை இருந்து அதன் வழியாகக் குடை போகிறது என்றால் அந்தத் துளைக்கும் ஒரு வளையம் கட்டாயம், கண்ணாடி மேசையில் அது இல்லாமல் குடையை ஒரு நாள்கூட வைக்காதீர்கள்.

சாய்கிறது என்றால் எடை பற்றவில்லை. மேசைத் துளை வழியாகப் போகும் 2.7 மீட்டர் அகலக் குடைக்கு அடியில் 25 கிலோ அளவுக்காவது வேண்டும், மேசையின் துணை இல்லாமல் தனியாக நிற்கும் குடைக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. தண்ணீர் ஊற்றும் தாங்கியாக இருந்தால் முதலில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள், நிறைய நேரம் அதுதான். தண்ணீருக்குப் பதில் மணலை நிரப்பினால் அதே தாங்கி இன்னும் கனக்கும்.

எழுந்து உள்ளே போகும்போது குடையை மூடிவிடுங்கள், எவ்வளவு கனமான தாங்கியாக இருந்தாலும். கம்பத்தில் விரிசலோ வளைவோ தெரிந்தால் டேப் சுற்றி ஓட்டப் பார்க்காதீர்கள், கம்பத்தை மாற்றுங்கள்.

## மேசை ஆடுகிறது

எதிரெதிர் மூலைகள் இரண்டில் கை வைத்து மாறி மாறி அழுத்துங்கள். எந்தக் கால் தூக்குகிறது என்று பார்த்துவிட்டுக் கீழே இறங்குங்கள்.

மடித்த காகிதத்தை மட்டும் வைக்காதீர்கள். ஈரத்தில் ஊறிக் கூழாகி ஒரு வாரத்தில் பழையபடி ஆடும்.

நாலு கால் சதுர மேசையாக இருந்தால் அதே இடத்தில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். கரடுமுரடான தரையாக இருந்தாலும் கால் சுற்றுத் திருப்புவதற்குள் நாலு காலும் பதியும் ஒரு நிலை பெரும்பாலும் கிடைத்துவிடும், நம்ப முடியாத அளவுக்கு வேலை செய்யும் வித்தை இது. கல் பாவிய தரையில் கல்லுக்கும் கல்லுக்கும் படிபோல ஏற்ற இறக்கம் இருந்தால் பலிக்காது, அங்கே காலை இணைப்பிலிருந்து விலக்கிக் கல்லின் நடுவில் வருமாறு நகர்த்துங்கள். மண்ணிலோ புல்லிலோ போட்டிருந்தால் இன்றைக்குச் சரிசெய்தாலும் நாளைக்குக் கால் புதையும், ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு தட்டைக் கல் பதித்தாக வேண்டும்.

திருப்பியும் ஆடுகிறதா? மேசையைக் கவிழ்த்துக் காலடி புஷ்களைப் பாருங்கள், ஒன்று உடைந்தோ காணாமலோ போயிருக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியது உயரமாக நிற்கும், நாலையும் சேர்த்து மாற்றுங்கள். திருகி உயரம் மாற்றும் வகை புஷ் கிடைத்தால் அதைப் போட்டுவிடுங்கள், வெளியே போடும் மேசைக்கு அதைவிட நல்லது இல்லை.

அதுவும் சரியாக இருந்தால் போல்ட். ஆடும் காலின் போல்ட்டை மட்டும் முறுக்கினால் சட்டம் கோணலாக இறுகும். எல்லா போல்ட்டையும் அரைச் சுற்று தளர்த்தி, சமதளத்தில் நிமிர்த்தி வைத்து, மேலே கனமாக எதையாவது ஏற்றி, எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

போல்ட் இறுகியும் ஆட்டம் மர இணைப்பிலேயே தெரிந்தால், அதாவது காலும் சட்டமும் சேரும் இடம் திறந்து மூடினால், தச்சர் வேலை. நீங்களே பசையை ஊற்றினால் பழைய பசை மேல் அது ஒட்டாது, அவருக்கும் பிரித்துச் சுத்தம் செய்ய இரட்டை வேலை. இரும்பு மேசையில் பற்றவைத்த இடத்தை ஒட்டி மெல்லிய துருக்கோடு தெரிந்தால் அது வெறும் துருவாக இல்லாமல் விரிசலாகவும் இருக்கலாம், வெல்டர் பார்க்கும் வரை அதில் சாயாதீர்கள், சூடான பாத்திரமும் வைக்காதீர்கள்.

## நடுவில் வைத்த செடியும் பூவும் தொல்லை

### எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை

முழங்கையை மேசையில் ஊன்றிக் கையை நிமிர்த்துங்கள். மணிக்கட்டுக்கு மேல் எழும் எதுவும் பார்வையை மறைக்கும், சுமார் 25 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். செடி வளர்ந்துவிட்டால் கத்தரியுங்கள் அல்லது தரைத்தொட்டிக்கு மாற்றுங்கள்.

### ஒரு வாரத்தில் வாடிவிடுகிறது

சின்னத் தொட்டியில் மண் கொஞ்சம், அதிலும் சூடேறிய மேசை மேல் வெயிலும் காற்றும் படும்போது சீக்கிரம் காய்ந்துபோகும். விரலை மண்ணில் இரண்டு செ.மீ. விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் தண்ணீர்தான் காரணம். ஈரமாக இருந்தும் வாடினால் அடியில் துளை இருக்கிறதா என்று பாருங்கள், அழகுக்காக வைக்கும் தொட்டிகளில் பாதிக்குத் துளை இருக்காது, வேர் அழுகிவிடும். சிறந்த வழி ஒரே மாதிரி இரண்டு தொட்டி வைத்துக்கொண்டு, ஒன்று மேசையில் இருக்கும்போது மற்றது நிழலில் ஓய்வெடுப்பது. முழு வெயில் படும் மேசைக்குச் சதைப்பற்றுள்ள செடிகள் பொருந்தும். வெட்டிய பூவை நாள் முழுக்க வெளியே வைப்பது வீண், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் கொண்டுவாருங்கள்.

வாசனை தூக்கலான பூ, வாசனை மெழுகுவத்தி இரண்டையும் சாப்பிடும் மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். சாப்பாட்டின் மணத்தை அவை அமுக்கிவிடும்.

## கறை, படலம், கருப்புப் புள்ளி

எந்தக் கறைக்கும் முன்னால் மேற்பரப்பு எது என்று தெரிந்துகொள்ளுங்கள், ஒன்றுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றைக் கெடுக்கும். எதையும் முதலில் மேசையின் அடிப்பக்கம் சிறு இடத்தில் தடவிப் பாருங்கள்.

### வெள்ளைப் படலம்

கண்ணாடியில் என்றால் உப்புத்தண்ணீர் காய்ந்த தடம். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து சில நிமிடம் ஊறவைத்துத் துடைத்துக் கழுவுங்கள். பளிங்கு, சுண்ணாம்புக்கல், சிமெண்ட் மேசையில் வினிகரோ எலுமிச்சையோ படவே கூடாது, அமிலம் மேற்பரப்பை அரித்து மங்கலான தடம் விழும், அப்புறம் மெருகு போடும் ஆளைத்தான் கூப்பிட வேண்டும். வார்னிஷ் அடித்த மரத்தில் வெள்ளை வட்டம் என்றால் ஈரம் பூச்சுக்குள் போயிருக்கிறது. தொட்டியை எடுத்துவிட்டு இரண்டு நாள் காயவிடுங்கள், பலமுறை தானே மறைந்துவிடும். திரும்ப வைக்கும்போது தொட்டிக்கு அடியில் காற்று போகும்படி சிறு கால்கள் வையுங்கள்.

### நீலம் கலந்த கருப்புக் கறை, திருகைச் சுற்றியோ இரும்புப் பாத்திரம் வைத்த இடத்திலோ

தேக்கு, ஓக் போன்ற மரங்களில் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் வருவது. தேய்த்தால் போகாது. மரத்துக்கென்று விற்கும் ஆக்சாலிக் அமிலக் கரைசல் எடுக்கும், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பொட்டலத்தில் சொன்ன அளவில் கலந்து, வேலை முடிந்ததும் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். திருகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றாவிட்டால் அடுத்த மழையில் அதே இடத்தில் அதே கறை.

### பரவும் கருப்புப் புள்ளிகள்

பூசணம். பெரும்பாலும் விரிப்புக்கு அடியில்தான் வரும், ஈர விரிப்பை இரவெல்லாம் மேசையிலேயே விட்டால் நிச்சயம் வரும். சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் வெயிலும் போதும். பிளீச்சிங் கரைசலைக் கையிலெடுத்தால் அதோடு வினிகரையோ வேறு எந்த அமிலத்தையோ சேர்த்துவிடாதீர்கள், ஒன்றன் மேல் ஒன்றாகவும் ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலுக்கு ஆபத்து.

### மரம் சாம்பல் நிறமாகிவிட்டது

இது கோளாறு இல்லை. வெயில் பட்ட தேக்கு அப்படித்தான் ஆகும், பலம் குறையாது, எனக்கு அந்த நிறம்தான் பிடிக்கும். பழைய நிறம் வேண்டும் என்பவர்கள் உப்புத்தாளால் இழைப் போக்கில் தேய்த்து எண்ணெய் பூசலாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய் போன்றவை ஊறிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், வெளியே தட்டையாக விரித்துக் காயவைத்த பிறகு எறியுங்கள். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தை மரத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், நார் எழும்பிச் சொரசொரவென்று ஆகிவிடும்.

### துரு

பெயின்ட் உரிந்த இடத்தில் சின்னப் புள்ளி என்றால் உப்புத்தாள், பிரைமர், பெயின்ட், அரை நாள் வேலை. விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது, செதில் செதிலாக உதிர்கிறது என்றால் வெல்டர்.

## ஈ, எறும்பு, கொசு

ஈயும் குளவியும் இனிப்புக்கு வருகின்றன. சாப்பிட்டு முடித்த தட்டை அங்கேயே விட்டுப் பேசிக்கொண்டிருப்பதுதான் முதல் காரணம், தட்டை முதலில் உள்ளே அனுப்பிவிட்டுப் பேசுங்கள். டம்ளருக்கு மூடி, பாத்திரத்துக்கு வலை மூடி. குளவி நடமாட்டம் இருந்தால் குடிப்பதற்கு முன் டம்ளருக்குள் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எறும்புக்கு, அது வரும் வழியைக் கண்டுபிடியுங்கள். மேசை சுவரையோ செடியையோ தொட்டுக்கொண்டிருந்தால் அதுதான் பாலம், ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். வந்த தடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் பின்னால் வருபவை வழி தவறும், தண்ணீரால் மட்டும் துடைத்தால் சாயங்காலமே திரும்ப வரிசை கட்டும்.

கொசுவைத்தான் எல்லோரும் தப்பான இடத்தில் தேடுகிறார்கள். மேசைக்கு மேல் எதை ஏற்றி வைத்தாலும், தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தண்ணீர் தேங்கியிருந்தால் அங்கேயே பெருகிக்கொண்டிருக்கும். வெப்பமான நாட்களில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், அதனால் வாரம் ஒருமுறை எல்லாத் தட்டையும் கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள், குடைத் தாங்கியின் வாயும் மூடியிருக்கிறதா பாருங்கள். அடுத்தது மின்விசிறி. கொசுவால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது, மேசைக்கு அடியில் கணுக்காலைத் தொடும்படி ஒரு சிறு விசிறியை வைத்தால் அன்றைக்கே வித்தியாசம் தெரியும். சிட்ரோனெல்லா மெழுகுவத்தியை நம்பி உட்காராதீர்கள்.

குளவிக்கூடோ தேன்கூடோ குடைக்குள்ளும் மேசைக்கு அடியிலும் தெரிந்தால் நீங்கள் கை வைக்கவே வேண்டாம், பாதுகாப்பு உடையோடு வந்து எடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

## இருட்டியதும் எழுந்து போக வேண்டியிருக்கிறது

வெளிச்சம் இருந்தும் கண் கூசுகிறது என்றால் விளக்கு கண் மட்டத்தில் இருக்கிறது. ஒன்று தலைக்கு மேலே ஏற்றுங்கள், அல்லது முகவாய்க்குக் கீழே இறக்குங்கள். வெளிச்சம் நீலம் பாய்ந்த வெள்ளையாக இருந்தால் 2700 கெல்வின் அல்லது அதற்குக் குறைந்த மஞ்சள் ஒளிக்கு மாற்றுங்கள், சாப்பாடும் பார்க்க நன்றாக இருக்கும், விளக்கைச் சுற்றும் பூச்சியும் குறையும். இன்னும் வந்தால் பிரகாசமான விளக்கை மேசையிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி வைத்துவிட்டு, மேசையில் மங்கலான சார்ஜ் விளக்கு ஒன்று போதும். மெழுகுவத்தி என்றால் உயரமான கண்ணாடிக் கூண்டுக்குள், விரித்த குடைக்கு அடியில் வேண்டாம்.

சர விளக்கு போடுவதானால் பெட்டியில் ஐ.பி. 44 (தூசியும் தண்ணீரும் எவ்வளவு புகாது என்று சொல்லும் குறியீடு) என்றாவது இருக்கிறதா பாருங்கள், நேரடியாக மழைச்சாரல் அடிக்கும் இடத்துக்கு ஐ.பி. 65. வீட்டுக்குள் பயன்படுத்தும் எக்ஸ்டென்ஷன் பெட்டியை ஜன்னல் வழியாக வெளியே நீட்டி மேசைக்கு அடியில் போடுவதை நிறைய வீடுகளில் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் பதறுகிறது. இன்றே எடுத்துவிடுங்கள். விளக்கு போட்டதும் பிரேக்கர் விழுகிறது என்றால் பிளக்கைக் கழற்றி முழுதாகக் காயவிட்டு ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்கள், மறுபடி விழுந்தால் எலக்ட்ரீஷியன். வெளி பிளக் பாயின்டுக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுப் பாதுகாப்பு இருக்கிறதா என்றும் அவரிடமே கேளுங்கள்.

## மெத்தை காயவே மாட்டேன் என்கிறது

தட்டையாகப் போட்டிருப்பீர்கள். ஜிப் கீழே வருமாறு நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள், தண்ணீர் தானே இறங்கும். அப்படியும் இரண்டு நாளாகியும் அழுத்தினால் ஈரம் கசிகிறது என்றால் உள்ளே சாதாரண ஃபோம், அதை மட்டும் பெரிய துளைகள் உள்ள வெளிப்புற ஃபோமாக மாற்றலாம், உறையை எறிய வேண்டாம். நாற்றம் வந்துவிட்டால் ஃபோமைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

## கண்ணாடி மேசை சத்தம் போடுகிறது, ஓரம் உதிர்ந்திருக்கிறது

தட்டு வைக்கும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் வந்தால் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள சிலிகான் பொட்டுகளில் ஒன்று விழுந்திருக்கும், இருவர் சேர்ந்து கண்ணாடியைத் தூக்கிப் புதிதாக ஒட்டினால் போதும். தனியாகத் தூக்காதீர்கள், கழற்றிய கண்ணாடியை விளிம்பால் கல் தரையில் ஊன்றாதீர்கள், அட்டை மேலோ பழைய மெத்தை மேலோ சாய்த்து வையுங்கள்.

ஓரத்தில் சில்லு உதிர்ந்திருந்தால் விஷயம் வேறு. வெளி மேசைகளில் போடுவது பெரும்பாலும் டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துப் பலப்படுத்தியது, அதன் பலவீனமே விளிம்புதான். விளிம்பு அடிபட்டது பார்க்க ஒன்றும் ஆகாததுபோல் நிற்கும், பிறகொரு நாள் வெயிலிலோ சூடான பாத்திரம் பட்டோ மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். அதனால் சில்லைப் பார்த்த நாளிலிருந்து அதில் சாப்பிடுவதை நிறுத்துங்கள், குழந்தைகள் இருக்கும் வீடானால் கண்ணாடியைக் கழற்றியே வைத்துவிடுங்கள். ஓரத்தைத் தேய்த்துச் சரிசெய்யவோ கொஞ்சம் வெட்டிச் சிறிதாக்கவோ முடியாது, டஃபன்டு கண்ணாடியை வெட்டினாலே நொறுங்கும். கண்ணாடி போடுபவரைக் கூப்பிட்டு அளவெடுக்கச் சொல்லுங்கள், பழையதன் தடிமன், மூலை வளைவு, குடைத் துளையின் விட்டம் மூன்றையும் அவர் எழுதிக்கொள்கிறாரா என்று நின்று பாருங்கள், ஏனென்றால் டஃபன் செய்து வந்த பிறகு துளையைப் பெரிதாக்க யாராலும் முடியாது.